பதிவறையைத் திறந்ததும் முதலில் வேண்டியது ஒரு நோட்டு

வாசகி ஒருவரின் கடிதம்:

வணக்கம் ஐயா. நான் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வரலாறு படித்தவள். எட்டு மாதமாகப் பதிவறை என் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் பழைய பதிவேடுகளையும் கோப்புகளையும் ஸ்கேன் செய்ய ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தரப் போகிறார்கள். மேற்பார்வை என்னுடையது. அதற்காக மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஸ்கேனரை இயக்குவது, மென்பொருளில் பதிவேற்றுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். திரும்பி வந்து பதிவறையைத் திறந்தால் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. இன்னும் என்ன கற்க வேண்டும், எங்கே கற்கலாம்? ஸ்கேன் முடிந்ததும் தாள்களை அழித்துவிடலாம் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியா? உள்ளே இரண்டு மணி நேரம் இருந்தாலே தும்மலும் கண்ணெரிச்சலும் வருகிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய தாள்களோடு வேலை செய்தவன் நான். "எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் உங்கள் பதிவறை நல்ல கையில்தான் இருக்கிறது என்று தோன்றியது. அறையைச் சரியாகப் பார்த்தவருக்குத்தான் அந்தத் திகைப்பு வரும். உங்களுக்கு மூன்று நாளில் சொல்லிக் கொடுத்தது இந்த வேலையின் கடைசிப் பகுதி. அது தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் செய்யாமல் ஸ்கேனரை ஓட்டினால் என்ன ஆகும் என்று நான் நேரில் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சி அலுவலகத்துக்கு என்னை அழைத்தார்கள். பிறப்பு இறப்புப் பதிவேடுகளை ஏற்கெனவே ஸ்கேன் செய்து முடித்திருந்தார்கள். நான் போன அன்று கவுன்டரில் ஒரு பெரியவர், தன் அப்பாவின் இறப்புப் பதிவு கேட்டு மூன்றாவது முறையாக வந்து நின்றார். கணினியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் பெயர் 'ஸ்கேன்' என்ற சொல்லும் ஒரு வரிசை எண்ணும்தான். எந்தப் படம் எந்த ஆண்டு, எந்த வார்டு என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரம் தேடி ஒரு வழியாகப் பக்கத்தைக் கண்டுபிடித்தோம். பெயர் தப்பாக இருந்தது. அவரோ, அப்போதே ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வாங்கிப் பெயரைத் திருத்திவிட்டோம் என்று அடித்துச் சொன்னார். பதிவேட்டையே எடுத்து வரச் சொன்னேன். நல்லவேளை, அது இன்னும் அறையில் இருந்தது. தடித்த பதிவேடு, இறுக்கமான தையல். நடு மடிப்பை விரித்துப் பார்த்தால், உள்ளே ஒதுங்கி, சிவப்பு மையில் இரண்டு வரி: உத்தரவு எண், தேதி, திருத்திய பெயர், சுருக்கொப்பம். ஸ்கேன் எடுத்தவர்கள் பதிவேட்டை முழுதாக விரிக்கவில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் வெளியே தெரிந்த கொஞ்சம் சிவப்பும் அழுக்குப் புள்ளி மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெரியவர் அந்த இரண்டு வரியைத் தொட்டுப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், கவுன்டரில் நின்று கேட்பவருக்கு அந்தப் பக்கம் கிடைக்க வேண்டும், முழுதாகக் கிடைக்க வேண்டும். நீங்கள் கற்க வேண்டியதெல்லாம் இதற்காகத்தான்.

சரி, திங்கள்கிழமை காலை பதிவறையைத் திறக்கிறீர்கள். எதையும் நகர்த்தாதீர்கள், தூசிகூடத் தட்ட வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். அறையின் வரைபடம் ஒன்று போடுங்கள்: எத்தனை அலமாரி, ஒவ்வொன்றிலும் எத்தனை தட்டு. அலமாரிக்கு எண், தட்டுக்கு எண். அப்புறம் தட்டு தட்டாக, எந்தக் கட்டு எங்கே இருக்கிறது, கட்டின் மேல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, நிலைமை எப்படி என்று எழுதுங்கள். சீட்டு இல்லாத கட்டுக்கு "சீட்டு இல்லை" என்றே எழுதுங்கள். எடுத்ததும் அடுக்கி அழகாக்க வேண்டும் என்று கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஏறுமாறாகக் கிடப்பது போலத் தெரிந்தாலும், முன்பு இருந்த பதிவறை எழுத்தர் ஏதோ ஒரு முறைப்படிதான் வைத்திருப்பார். அந்த வரிசையே ஒரு தகவல். ஒரு அலுவலகம் தன் வேலையின் போக்கில் தாள்களை எப்படி அடுக்கியதோ அந்த ஒழுங்கைக் கலைக்காமல் வைப்பதுதான் ஆவணக் காப்பகத் துறையின் முதல் பாடம். ஒரு அலுவலகத்தின் தாள்களை இன்னொன்றின் தாள்களோடு கலக்கக் கூடாது என்பது இரண்டாவது. உங்கள் பகுதி ஜமீன் பகுதியாக இருந்திருந்தால், 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசுக்கு வந்த ஜமீன் கணக்குகள் ஒரு மூலையில் இருக்கலாம். அவற்றை ரயத்துவாரிப் பதிவேடுகளோடு, அதாவது உழவர் அரசுக்கே நேராக வரி கட்டிய நிலங்களின் பதிவேடுகளோடு, சேர்த்து அடுக்கிவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று மேலதிகாரிகள் கேட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(அ) பிரிவை எடுத்துக் காட்டுங்கள். ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கணினிமயமாக்கும் பேச்சு அந்தப் பிரிவில் அதற்குப் பிறகுதான் வருகிறது.

பட்டியல் கையில் வந்ததும் எதை ஸ்கேன் செய்வது என்ற கேள்விக்குப் பதில் தானாகவே பாதி கிடைத்துவிடும். எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதைப் பொறுத்து, ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தரம் என்று கோப்புகளைப் பிரித்து முடிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பதிவறையில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி, காலக்கெடு என்றைக்கோ முடிந்துபோன ஓராண்டு, மூன்றாண்டுக் கோப்புகளாக இருக்கும். அவற்றை ஸ்கேன் செய்வது வீண் செலவு. விதிப்படி அழிப்புப் பட்டியல் தயாரித்து, அதிகாரியின் ஒப்புதல் வாங்கி அகற்றுங்கள். அந்தப் பட்டியலை மட்டும் நிரந்தரமாக வையுங்கள். ஒரு எச்சரிக்கை: கட்டின் மேலே "மூன்றாண்டு" என்று எழுதியிருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் தள்ளாதீர்கள். தவறான கட்டில் செருகிய நில ஒப்படை உத்தரவுகளை நானே எடுத்திருக்கிறேன்.

இப்போது முன்னுரிமை. தாலுகா அலுவலகம் என்றால் என் பதில் ஒன்றுதான்: நிலப் பதிவேடுகள். 'அ' பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணின் பரப்பும் உரிமையாளரும் உள்ள கிராமப் பதிவேடு), புல வரைபடங்கள், பழைய மறுநிலஅளவைப் பதிவேடு, ஜமீன் பகுதியானால் எஸ்.எல்.ஆர். எனப்படும் செட்டில்மென்ட் பதிவேடு. இவற்றின் மதிப்பு புரிய யு.டி.ஆர். கதை தெரிந்திருக்க வேண்டும். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் அந்தத் திட்டம் நடந்தது. இன்று இணையத்தில் நாம் எடுக்கும் கணினிப் பட்டா அந்தப் பதிவுகளின் மேல்தான் நிற்கிறது. அப்போது எழுதும்போது பெயர் விடுபட்டது, பரப்பு மாறியது, ஒருவர் நிலம் இன்னொருவர் பெயரில் ஏறியது என்று எத்தனையோ. இன்றைக்கும் யு.டி.ஆர். பிழைத் திருத்த மனு வராத மாவட்டம் இல்லை. அந்த மனுவை எதை வைத்து முடிவு செய்வார்கள்? யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டை வைத்துத்தான். அதாவது உங்கள் அலமாரியில் ஓரம் உதிர்ந்து கிடக்கும் அந்தப் பழைய பதிவேடு, ஒரு குடும்பத்தின் இரண்டு ஏக்கருக்கு இருக்கும் ஒரே சாட்சி. அதை வாரத்துக்கு நாலு பேர் புரட்டினால் எத்தனை நாள் தாங்கும்? ஸ்கேன் எடுத்தால் அந்தப் பதிவேட்டைக் கை படாமல் வைக்கலாம். ஸ்கேனால் காகிதத்துக்குக் கிடைக்கும் பெரிய நன்மை அதுதான்.

உங்கள் பயிற்சியில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஒரு விஷயம், படிக்கக் கற்பது. பட்டம் பெற்றவர்தான், ஆனால் இது வேறு படிப்பு. பழைய கணக்குகளில் எண்கள் தமிழ் எண்களில் இருக்கும். ௧ என்பதைக் 'க' என்றும், ௨ என்பதை 'உ' என்றும், ௭ என்பதை 'எ' என்றும், ௮ என்பதை 'அ' என்றும் தட்டச்சு செய்து வைத்த அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். தட்டச்சு செய்த பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தப் பின்னங்களுக்கான கீழ்வாய் இலக்க அட்டவணை ஒன்றை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தாள்களில் 'னை', 'லை', 'றா' போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். அச்சுத் தமிழைக் கணினி ஓரளவு படித்துவிடும். இந்தக் கையெழுத்தை நம்பி அதனிடம் விடாதீர்கள். அட்டவணை மனிதர் கையால்தான் ஆக வேண்டும்.

பசலியும் அப்படித்தான். வருவாய்த் துறைக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. பசலி 1389 என்றால் 1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை. பசலி எண்ணோடு 590 கூட்டி "1979" என்று மட்டும் பதிந்துவிட்டால், 1980 மார்ச்சில் நடந்த மாற்றத்தைத் தேடுபவருக்கு அது கிடைக்காது. எனவே ஒரு கட்டத்தில் தாளில் இருப்பது போலவே "பசலி 1389", அடுத்த கட்டத்தில் "1979-80". ஊர்ப் பெயருக்கும் இதே வழி. வருவாய்க் கிராமத்தின் பெயர், பதிவேட்டில் உள்ள பழைய எழுத்துக்கூட்டல், மக்கள் சொல்லும் குக்கிராமப் பெயர், அன்றைய தாலுகா, இன்றைய தாலுகா என்று எல்லாம் தனித்தனிக் கட்டங்களில். தாலுகாக்கள் பிரிந்து பிரிந்து வந்திருக்கின்றன. தேடி வருபவருக்கு எந்தப் பெயர் தெரிந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதல்லவா?

இதையெல்லாம் யாரிடம் கற்பது? உங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற பழைய கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், வரைவாளர் என்று இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். 1980-இல் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியம் (கிராமத் தலைவர்) பதவிகள் ஒழிந்தபோது இளைஞராக இருந்த கர்ணம் யாராவது இன்னும் இருந்தால் பாக்கியம். வட்டாட்சியரிடம் கேட்டு, வாரத்தில் ஒரு நாள் அவரை வரவழைத்து உட்கார வையுங்கள். ஒரு பதிவேட்டை அவர் வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்திலும் கிடைக்காத பயிற்சி அது. இன்னும் சில ஆண்டுகளில் அவர்களும் இருக்க மாட்டார்கள்.

இனி ஸ்கேன். நீங்கள் மேற்பார்வையாளர் என்பதால் எந்திரத்தைவிட ஒப்பந்த நிபந்தனைகளில்தான் கண் இருக்க வேண்டும். டெண்டர் இன்னும் முடியவில்லை என்றால் இவற்றை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மூலப் படம் வண்ணத்தில், குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சுருக்காத டிஃப் (TIFF) வடிவத்தில் வேண்டும். தினசரிப் பயன்பாட்டுக்கு அதிலிருந்து பிடிஎஃப்-ஏ (நீண்ட காலம் வைத்திருப்பதற்கான பிடிஎஃப் வகை) எடுத்துக்கொள்ளலாம். ஏ4 அளவுத் தாள் ஒன்று இப்படி எடுத்தால் சுமார் 26 எம்பி வரும். ஒரு லட்சம் பக்கத்துக்கு 2.6 டிபி. பெரிய பதிவேடானால் இரண்டு மடங்கு. இதைக் கேட்டதும் "எதற்கு இவ்வளவு இடம், ஜேபெக் போதுமே" என்பார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம். இன்னொரு முறை அந்தப் பதிவேட்டை விரிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்காமல் போகலாம்.

தாளை உள்ளிழுக்கும் ஸ்கேனர் பழைய தாளுக்கு ஆகவே ஆகாது. மேலிருந்து படம் எடுக்கும் வகை வேண்டும், பதிவேட்டைத் தாங்க ஆங்கில 'வி' வடிவத் தொட்டில் வேண்டும். தையலை வெட்டிப் பிரிக்கக் கூடாது. நடு மடிப்பில் எழுத்து இருந்தால் அதைத் தனியாக இன்னொரு படம் எடுக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் விட்டுப்போனதா, காலியாக இருந்ததா என்று பிறகு தெரியாது. புல வரைபடத்துக்கு ஒரு தனிக் கவனம்: அது அளவுக்கு வரைந்தது, ஆட்கள் அதில் அளந்து பார்ப்பார்கள். தாளின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். "பக்கத்துக்குப் பொருத்து" என்று அச்சிட்டு அளவு மாறிப்போனாலும், கூடவே அளவுகோல் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் வேகம்தான் நடக்கும். சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பக்கத்துக்கு மட்டும் பணம் என்று எழுதுங்கள். நிரந்தரப் பதிவேடுகளைப் பொறுத்தவரை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பது போதாது. ஒவ்வொரு படத்தையும் தாளோடு ஒப்பிட வேண்டும். அலுப்பாக இருக்கும், தெரியும். நானும் ஒரு சக ஊழியரும் இரண்டு மாதம் இதையே செய்தோம். ஒருவர் தாளில் பக்க எண்ணைச் சொல்ல, இன்னொருவர் திரையில் பார்க்க. முதல் வாரத்திலேயே ஒரே பதிவேட்டில் ஏழு பக்கம் விட்டுப்போனது தெரிந்தது.

படங்களோடு ஹேஷ் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஹேஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இது வெறும் தொழில்நுட்பச் சமாசாரம் இல்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்துக்கு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு வந்துவிட்டது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்டும்போது கொடுக்கும் சான்றிதழ்ப் படிவத்தில் இப்போது ஹேஷ் மதிப்புக்கே இடம் இருக்கிறது. நில வழக்கு நடக்கும் ஊரில் இது உங்களைத் தேடி வரும். மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு கட்டடத்தில். ஆண்டுக்கு ஒரு முறை ஹேஷை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹார்டு டிஸ்கைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் பத்து ஆண்டு கழித்துத் திறந்தால் ஒன்றும் வராமல் போகலாம்.

தாளை அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிரந்தரப் பதிவேடுகளை அழிக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்தச் சிவப்பு மை வரிகளைச் சொன்னேன். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் அலுவலகக் கணினியிலேயே 2000-ஆம் ஆண்டு வாக்கில் தட்டச்சு செய்த கோப்புகள் இருக்கும். திறந்து பாருங்கள். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியாக்கத்தில் இருந்தன. 1999-இல் டேப் (TAB), டேம் (TAM) என்று இரண்டு குறியாக்கத் தரங்கள் வந்தன. 2010-இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. பழைய எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பு வெறும் கிறுக்கலாகத் தெரியும். இருபத்தைந்து ஆண்டில் இந்த நிலை. அதே அறையில் நூறாண்டுப் பதிவேட்டை ஒரு கண்ணாடி இருந்தால் படித்துவிடுகிறோம்.

காகிதம் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலசமகாலில் தீப் பிடித்தபோது அரசுக் கோப்புகள் எரிந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் பத்திரமும் பட்டாவும் நனைந்து கூழாகி, நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்க வேண்டும், அதற்காகத்தான் இரண்டும். மத்திய அரசு அலுவலகங்களுக்கான 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டம், 1892-க்கு முன் உருவான ஆவணத்தை, எதற்கும் உதவாத அளவுக்குச் சிதைந்திருந்தால் ஒழிய அழிக்கவே கூடாது என்கிறது. உங்கள் அலுவலகம் மாநில அரசைச் சேர்ந்தது, அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் அலுவலகத்தில் பேச்சு வரும்போது இதைச் சொல்லுங்கள்.

அப்படியானால் அந்தத் தாளை எப்படி வைத்திருப்பது? கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும், டேப் உரிந்துவிடும், கறை போகாது. லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி எல்லாம் துருப்பிடித்துத் தாளில் ஓட்டை போடும், பொறுமையாக எடுத்துவிடுங்கள். கட்டைச் சணல் கயிற்றால் இறுக்கினால் ஓரம் அறுந்துபோகும். மேலும் கீழும் அட்டை வைத்து, அகலமான பருத்தி நாடாவால் கட்டுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வையுங்கள், கீழ்த் தட்டு தரையைத் தொடக் கூடாது. கரையான் வருவது சுவர், தரை வழியாகத்தான். ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும் பிடிக்கும், மாதம் ஒரு முறை கட்டைப் பிரித்துக் காற்றாட வைத்தாலே பாதி குறையும். பச்சை வேப்பிலையைத் தாளுக்கு நடுவே செருகும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அது ஈரம் விட்டுக் கறை பிடிக்கும். வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைப்பதில் தவறில்லை.

கூரை ஒழுகித் தாள் நனைந்தால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும், அதற்குள் வேலை நடக்க வேண்டும். வெயிலில் போடாதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில், தாளுக்கு நடுவே மை ஒற்றும் தாளோ அச்சில்லாத வெள்ளைத் தாளோ வைத்து மாற்றி மாற்றி உலர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிய்க்க வேண்டாம். மெல்லிய டிஷ்யூ தாளும் கோதுமைப் பசையும் கொண்டு ஒட்டும் முறை இருக்கிறது. அதைப் பார்த்துக் கற்காமல் செய்யாதீர்கள். பழைய இரும்பு மை ஈரம் பட்டால் பரவும், சில இடத்தில் தாளையே அரித்திருக்கும்.

எங்கே பயிற்சி என்று கேட்டிருந்தீர்கள். புதுதில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் 1891-இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதன் ஆவணவியல் கல்விப் பள்ளி ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. தாள் பழுதுபார்த்தல், ஆவண மேலாண்மை, படியெடுத்தல் என்று சில வாரங்களில் முடியும் சான்றிதழ்ப் படிப்புகளும் உண்டு. உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது ஆவண மேலாண்மைக் குறும்படிப்பு. அலுவலகம் மூலமாக அனுப்பக் கேளுங்கள். அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் வட்டாட்சியர் வழியாகத் தயாராக இருக்க வேண்டும். தில்லி தூரம், குடும்பம் என்று தடை இருந்தால் சென்னை எழும்பூர் இருக்கிறது. தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று தொடங்கிய இடம். 1670 முதலான புனித ஜார்ஜ் கோட்டை ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. கடிதம் எழுதி, பழுதுபார்க்கும் பிரிவில் ஒரு வாரமாவது உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒருவர் கிழிந்த தாளை ஈரப்படுத்தி, டிஷ்யூவைப் படர விட்டு, தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுவதை ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தால், பத்துப் புத்தகத்தில் படிப்பது புரிந்துவிடும். 1994-இல் உருவாகி இப்போது தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தாள் பாதுகாப்பிலும் படியெடுப்பிலும் நீண்ட அனுபவம் உள்ளது, அதையும் போய்ப் பாருங்கள். ஓலைச்சுவடி கையில் கிடைத்தால் மட்டும் நீங்களே எதுவும் செய்யாமல் தஞ்சை சரசுவதி மகாலையோ சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்தையோ கேளுங்கள்.

தும்மலுக்கு வருகிறேன். இதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். பழைய பதிவறைகளில் பூச்சிக்காக டிடிடி, கேமக்சின் பொடியைத் தாராளமாகத் தூவிய காலம் ஒன்று உண்டு. பழைய கட்டில் வெள்ளைப் பொடி தெரிந்தால் வாயால் ஊதாதீர்கள், வெறும் கையால் தட்டாதீர்கள். என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, மேலே ஒரு பழைய பருத்திச் சட்டை இவை மூன்றையும் அலுவலகச் செலவில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்று ஓடிய பிறகு உள்ளே போங்கள். மென்மையான தூரிகையால், தாளின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் அறையில் யாருக்கு இருந்தாலும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாகப் பச்சையோ கறுப்போ பூத்திருக்கும் கட்டைத் தனியாக ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள், மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம். கண்ணெரிச்சல் வீட்டுக்கு வந்தும் நீடித்தாலோ மூச்சு இழுத்தாலோ நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

முதல் அலமாரியின் பட்டியல் முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேடுகள் எத்தனை கிராமத்துக்கு முழுதாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.